ராணுவ ஆட்சியிலிருந்து ஐரோப்பியச் சமூகத்துக்கு: கிரீஸின் பாதையை மாற்றிய கரமான்லிஸ் யார்?

1974 ஜூலை 24, அதிகாலை சுமார் 2 மணி. பிரான்ஸ் அதிபரின் விமானம் ஒன்று ஏதென்ஸில் தரையிறங்குகிறது. அதிலிருந்து இறங்கியவருக்கு வயது 67. பதினோரு வருஷமாக பாரீஸில் ஒதுங்கி வாழ்ந்தவர். தெருவெல்லாம் கூட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் அவர் பிரதமராகப் பதவியேற்றுவிட்டார்.

அவர் பெயர் கான்ஸ்டன்டினோஸ் கரமான்லிஸ். அன்றைக்கு கிரீஸ் இருந்த நிலையைப் பார்த்தால், அந்தப் பதவியை யாரும் ஆசைப்பட்டு ஏற்றிருக்க மாட்டார்கள். ஏழு ஆண்டு ராணுவ ஆட்சி அப்போதுதான் சரிந்திருந்தது. பக்கத்தில் சைப்ரஸ் தீவில் துருக்கிப் படை இறங்கியிருந்தது. போர் மூளுமோ என்ற பயம். உள்நாட்டு ராணுவம் யார் பக்கம் என்றே தெரியாது.

அங்கிருந்து ஆறரை ஆண்டில், 1981 ஜனவரி 1 அன்று, கிரீஸ் ஐரோப்பியச் சமூகத்தின் பத்தாவது உறுப்பு நாடானது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முந்தைய வடிவம்தான் அது. இது எப்படிச் சாத்தியமானது? வாழ்நாள் முழுக்க இந்த ஒரு இலக்கைப் பிடித்துக்கொண்டிருந்த கரமான்லிஸின் கதையில் பதில் இருக்கிறது. அந்தக் கதையில் எல்லாமே வெள்ளையாக இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கிருந்து வந்தவர்?

1907இல் ப்ரோத்தி என்ற கிராமத்தில் பிறந்தார். வடக்கு கிரீஸில், செரெஸ் நகருக்கு அருகில் உள்ள ஊர் அது. ஆனால் அவர் பிறந்தபோது அந்தப் பகுதி கிரீஸிலேயே இல்லை, ஒட்டோமான் பேரரசின் கையில் இருந்தது. 1912-13 பால்கன் போர்களுக்குப் பிறகுதான் கிரீஸோடு சேர்ந்தது. அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு புகையிலை பயிரிட்டவர். பெரிய குடும்பம், பெரிய பணம் எதுவும் பின்னணியில் கிடையாது.

ஏதென்ஸில் சட்டம் படித்தார். செரெஸில் வழக்கறிஞராக வேலை பார்த்தார். 1935இல், 28 வயதில் எம்.பி. ஆனார். அடுத்த ஆண்டே ஜெனரல் மெட்டாக்ஸாஸின் சர்வாதிகாரம் வந்து நாடாளுமன்றத்தை மூடிவிட்டது. அரசியலில் அவர் கற்ற முதல் பாடமே, நாடாளுமன்றம் ஒரே நாளில் காணாமல் போகலாம் என்பதுதான்.

அதன்பின் உலகப் போர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, பஞ்சம், உள்நாட்டுப் போர் என்று நாடு வரிசையாக அடி வாங்கியது. போர் முடிந்ததும் அமைச்சரானார். உள்நாட்டுப் போரால் வீடிழந்தவர்களுக்கான நலத்துறை, பிறகு பொதுப்பணித்துறை. சாலை போடுவது, பாலம் கட்டுவது என எதையும் இழுத்தடிக்காமல் முடிக்கிறவர் என்று பெயர் எடுத்தார். 1955இல் பிரதமர் பாபகோஸ் இறந்தபோது, மன்னர் பால் யாரும் எதிர்பாராத விதமாக 48 வயது கரமான்லிஸைப் பிரதமராக நியமித்தார்.

ஐரோப்பாவின் கதவைத் தட்டிய முதல் ஆள்

1957இல் ஆறு நாடுகள் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தைத் தொடங்கின. இரண்டே ஆண்டில், 1959 ஜூனில், அதனுடன் இணைப்பு கேட்டு கிரீஸ் விண்ணப்பித்தது. 1961 ஜூலையில் ஏதென்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமூகத்தின் முதல் இணை உறுப்பு நாடு கிரீஸ்தான்.

இணை உறுப்பு நாடு என்றால் என்ன? முழு உறுப்பினர் இல்லை. ஆனால் சுங்க வரிகளைப் படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் முழு உறுப்பினர் ஆகலாம் என்ற வாசல் திறந்திருக்கும். கூடவே 12.5 கோடி டாலர் கடன் உதவியும் உண்டு.

கரமான்லிஸ் ஏன் இவ்வளவு அவசரப்பட்டார்? அன்றைய கிரீஸ் ஏழை நாடு. பிழைப்புக்காக இளைஞர்கள் மேற்கு ஜெர்மனிக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புக்கும் பணத்துக்கும் அமெரிக்காவையே நம்ப வேண்டிய நிலை. இந்த நிலையிலிருந்து வெளியே வர ஒரு பெரிய குடும்பத்தில் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு.

கறை படிந்த பக்கம்

இந்தக் காலத்தை அப்படியே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1956 தேர்தலில் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், ஒரு பெண் அமைச்சரும் ஆனார். அது நல்ல செய்தி. அதே தேர்தலில் எதிரணிக்கு வாக்கு அதிகம், கரமான்லிஸ் கட்சிக்கு இடம் அதிகம். தேர்தல் சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

1961 தேர்தலில் நிலைமை இன்னும் மோசம். கிராமப்புறங்களில் ராணுவமும் போலீஸும் வாக்காளர்களை மிரட்டியதாக எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. அந்தத் தேர்தல் வன்முறையும் மோசடியும் நிறைந்தது என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, அரசியல் கைதிகள், காவல்துறைக் கோப்புகள் எல்லாம் உள்நாட்டுப் போர் முடிந்து பத்தாண்டுக்குப் பிறகும் தொடர்ந்தன.

1963 மே மாதம் தெசலோனிகி நகரில் இடதுசாரி எம்.பி. கிரிகோரிஸ் லம்ப்ராகிஸ் தாக்கப்பட்டு இறந்தார். தாக்கியவர்கள் வலதுசாரித் தீவிரவாதிகள். காவல்துறை அதிகாரிகளுக்கும் தொடர்பிருந்தது விசாரணையில் வெளிவந்தது. கோஸ்டா-காவ்ராஸ் எடுத்த புகழ்பெற்ற இசட் படமும், இந்தியில் 2012இல் வந்த ஷாங்காய் படமும் இந்தக் கொலையை வைத்து எழுதப்பட்ட நாவலிலிருந்து பிறந்தவைதான். கொலைக்கு கரமான்லிஸ் உத்தரவிட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அப்படி ஒன்று நடக்கக்கூடிய அரசுக்கு அவர்தான் தலைவர்.

அடுத்த மாதமே, மன்னரின் லண்டன் பயணத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்டு, மன்னர் மறுத்ததால் ராஜினாமா செய்தார். நவம்பர் தேர்தலில் தோற்றார். டிசம்பரில் திரியந்தாஃபிலிடிஸ் என்ற வேறொரு பெயரில் விமானம் ஏறி பாரீஸ் போய்ச் சேர்ந்தார்.

ஏழு ஆண்டு இருட்டு

1967 ஏப்ரல் 21 அதிகாலை ஏதென்ஸ் தெருக்களில் டாங்கிகள் நின்றன. பாபடோபுலோஸ் தலைமையில் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். கட்சிகளுக்குத் தடை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, ஆயிரக்கணக்கானவர்கள் கைது, தீவுகளுக்கு நாடுகடத்தல், சித்திரவதை.

இங்கேதான் அந்த இணைப்பு ஒப்பந்தம் வேறொரு விதத்தில் பேசத் தொடங்கியது. ஐரோப்பியச் சமூகம் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. ஆனால் உறைய வைத்தது. சுங்க வரிக் குறைப்பு மட்டும் நடந்தது. மீதிக் கடன் நின்றுபோனது, விவசாயக் கொள்கையை இணைக்கும் பேச்சும் நின்றது. ஜனநாயகம் இல்லாத நாட்டுக்கு உள்ளே இடமில்லை என்ற செய்தி தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய கவுன்சில் என்ற இன்னொரு அமைப்பில், ஸ்காண்டிநேவிய நாடுகளும் நெதர்லாந்தும் மனித உரிமை வழக்குத் தொடுத்தன. வெளியேற்றப்படும் முன்பே, 1969 டிசம்பரில், கிரீஸ் தானாகவே அதிலிருந்து விலகிக்கொண்டது.

இதனால் கர்னல்கள் உடனே விழுந்துவிடவில்லை. வெளியழுத்தம் ஒரு ஆட்சியைத் தனிமைப்படுத்தும், தனியாக நின்று கவிழ்த்துவிடாது. 1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர்கள் எழுந்தார்கள். டாங்கி விட்டு நசுக்கினார்கள். 1974 ஜூலை 15 அன்று சைப்ரஸ் அதிபர் மகாரியோஸைக் கவிழ்க்க கிரேக்க ராணுவ ஆட்சி சதி செய்தது. ஐந்தாம் நாள் துருக்கி படையெடுத்தது. அந்தப் போரை நடத்தக்கூட வக்கில்லாமல் ராணுவ ஆட்சி சரிந்தது. தளபதிகளே பழைய அரசியல்வாதிகளைக் கூப்பிட்டார்கள். ஆலோசனையின் முடிவில் பாரீஸுக்கு போன் போனது.

முதல் ஐந்து மாதம்

திரும்பி வந்த கரமான்லிஸ், ஆரம்ப வாரங்களில் இரவில் தரையிலேயே தூங்கவில்லை. இன்னொரு ராணுவப் புரட்சி வரலாம் என்ற அச்சத்தில், போர்க்கப்பல் காவல் காக்க, கடலில் ஒரு படகில் தங்கினார்.

ஆனால் பகலில் வேலை வேகமாக நடந்தது. அரசியல் கைதிகள் விடுதலையானார்கள். மைய அணித் தலைவர்களையும் சேர்த்து தேசிய ஒற்றுமை அரசு அமைந்தது. செப்டம்பரில், 1947இலிருந்து தடையில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சி சட்டபூர்வமானது. அந்தக் கட்சியின் எதிரணியில் நின்றே அரசியல் வாழ்க்கை முழுவதையும் கழித்தவர்தான் அதைச் செய்தார். எல்லாரும் உள்ளே இல்லாத ஜனநாயகம் நிலைக்காது என்பதை பாரீஸ் ஆண்டுகள் அவருக்குப் புரியவைத்திருக்க வேண்டும்.

நவம்பர் 17, பாலிடெக்னிக் எழுச்சியின் முதலாம் ஆண்டு நாளில் தேர்தல். அவர் புதிதாகத் தொடங்கிய புதிய ஜனநாயகம் கட்சிக்கு 54 சதவீத வாக்கு, 300இல் 220 இடம். டிசம்பர் 8 அன்று மன்னராட்சி வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு. சுமார் 69 சதவீதம் பேர் குடியரசுக்கு ஓட்டுப் போட்டார்கள். அவரைப் பிரதமராக்கிய அரச குடும்பத்துக்காக அவர் பிரசாரமே செய்யவில்லை.

1975இல் புதிய அரசியலமைப்பு வந்தது. ராணுவ ஆட்சித் தலைவர்கள் மீது வழக்கு நடந்தது. மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அரசு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. ஆனால் ஆயுள் என்றால் ஆயுள்தான். பாபடோபுலோஸ் 1999இல் இறக்கும்வரை கைதியாகவே இருந்தார்.

மீண்டும் அதே கதவு

1975 ஜூன் 12. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த கையோடு, முழு உறுப்பினராகச் சேர கிரீஸ் விண்ணப்பம் கொடுத்தது.

நேரம் சரியா? பலருக்கும் சந்தேகம். உழைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இன்னும் விவசாயத்தில். தொழில்கள் சிறியவை, நிர்வாகம் மெத்தனம். துருக்கியோடு தீராத சண்டை வேறு. சைப்ரஸில் துருக்கியின் இரண்டாவது தாக்குதலுக்குப் பிறகு, நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து கிரீஸ் கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தது.

கரமான்லிஸின் வாதம் வேறு. இது வரவு செலவுக் கணக்கு இல்லை. ஜனநாயகம் இப்போதுதான் முளைத்திருக்கிறது. அதற்கு வேலி வேண்டும். ஐரோப்பியச் சமூகத்துக்குள் ஒரு நாடு இருந்தால், எந்தக் கர்னலும் டாங்கியை எடுக்கும் முன் யோசிப்பான். பொருளாதாரம் தயாராகும்வரை காத்திருந்தால், காப்பாற்ற ஜனநாயகமே மிச்சமிருக்காது.

பிரஸ்ஸல்ஸ் சொன்ன பதில்

1976 ஜனவரி 29 அன்று ஐரோப்பிய ஆணையம் தன் கருத்தை வெளியிட்டது. வாசலில் வரவேற்பு உண்டு, ஆனால் இப்போதே உள்ளே வேண்டாம் என்பதுதான் சாரம். முழு உறுப்பினராகும் முன் ஒரு தயாரிப்புக் காலம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எவ்வளவு காலம் என்று தேதி குறிக்கவில்லை. கிரீஸ்-துருக்கித் தகராறில் சமூகம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலையும் அதில் தெரிந்தது.

ஏதென்ஸுக்கு இது பெரிய அடி. கரமான்லிஸ் சும்மா இருக்கவில்லை. ஒன்பது நாடுகளின் தூதர்களை அழைத்து எதிர்ப்பைச் சொன்னார். தலைநகரங்களுக்கு நேரடியாகப் பேசினார். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆணையம் பரிந்துரைக்கலாம், முடிவெடுப்பது உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கவுன்சில். அதாவது அதிகாரிகளின் கோப்பை, அரசியல் தலைவர்களின் மேசைக்கு அவர் நகர்த்தினார்.

பதினோரு நாளில் முடிவு மாறியது. பிப்ரவரி 9 அன்று கவுன்சில் ஆணையத்தின் தயாரிப்புக் காலத்தை ஏற்காமல், பேச்சைத் தொடங்கச் சம்மதித்தது. ஏழாண்டு சர்வாதிகாரத்திலிருந்து மீண்ட ஒரு நாட்டுக்கு, அதுவும் ஜனநாயகம் பிறந்த மண்ணுக்கு, முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்த எந்தத் தலைவரும் தயாராக இல்லை. ஜூலை 27 அன்று பேச்சுவார்த்தை ஆரம்பமானது.

தக்காளியும் பீச் பழமும்

உணர்ச்சி கதவைத் திறக்கும். உள்ளே போனபின் பேச்செல்லாம் தக்காளி, பீச், ஒயின், ஆலிவ் எண்ணெய் பற்றித்தான். பிரான்ஸ், இத்தாலி விவசாயிகளுக்குப் போட்டி வந்துவிடுமோ என்ற பயம். கிரேக்கத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்துவிடுவார்களோ என்ற கவலை ஜெர்மனிக்கு.

இன்னொரு சிக்கலும் வந்தது. 1977இல் போர்ச்சுகலும் ஸ்பெயினும் விண்ணப்பித்தன. அவையும் சர்வாதிகாரத்திலிருந்து மீண்ட நாடுகள்தான். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் கிரீஸின் கோப்பு பல ஆண்டு தூங்கும். கரமான்லிஸ் 1978 தொடக்கத்தில் தலைநகரம் தலைநகரமாகச் சுற்றி, கிரீஸைத் தனியாக, முதலில் முடிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பாரீஸில் பழகிய பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தானின் ஆதரவு கை கொடுத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒற்றுமைக்கான சார்லமேன் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

கடைசியில் சமரசம். பொதுவாக ஐந்தாண்டு மாறுகாலம். தக்காளி, பீச், தொழிலாளர் சுதந்திர நடமாட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் ஏழாண்டு. 1976இல் ஆணையம் உள்ளே வரும் முன் கேட்ட அவகாசம், உள்ளே வந்தபின் கொடுக்கப்பட்டது. கிரீஸுக்கு அந்த வரிசை மாற்றம்தான் உண்மையான வெற்றி.

1979 மே 28 அன்று ஏதென்ஸின் ஸாப்பியோன் மண்டபத்தில் கையெழுத்து நடந்தது. பிரஸ்ஸல்ஸ் ஏதென்ஸுக்கு வந்து கையெழுத்திட்டது.

எல்லாரும் கொண்டாடினார்களா?

இல்லை. ஆண்ட்ரியாஸ் பாபண்ட்ரூவின் பாசோக் கட்சியும் கம்யூனிஸ்ட்களும் கடுமையாக எதிர்த்தார்கள். பணக்கார நாடுகளின் சந்தையாக கிரீஸ் மாறிவிடும், சிறு தொழில்கள் நசுங்கும், முடிவுகள் வெளியே எடுக்கப்படும் என்பது அவர்கள் வாதம். பொதுவாக்கெடுப்பு கேட்டார்கள். கரமான்லிஸ் அதை மக்களிடம் விடவில்லை. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தபோது பாசோக்கும் கம்யூனிஸ்ட்களும் அவையில் இல்லை.

இது நியாயமான கேள்விதான். மன்னர் வேண்டுமா என்று மக்களிடம் கேட்டவர், ஐரோப்பா வேண்டுமா என்று ஏன் கேட்கவில்லை? ஜனநாயகத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு, ஜனநாயக முறையில் இன்னும் திறந்த விவாதத்துக்கு வந்திருக்க வேண்டாமா? தேர்தலில் ஐரோப்பாவை வெளிப்படையாக முன்வைத்தே ஜெயித்தோம் என்பது அவர் தரப்பு. 1977 தேர்தலில் அவர் கட்சியின் வாக்கு 42 சதவீதத்துக்கு அருகில் இறங்கியிருந்ததையும், பாசோக் 25 சதவீதத்துக்கு ஏறியிருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1980 மே மாதம் கரமான்லிஸ் குடியரசுத் தலைவரானார். 1981 ஜனவரியில் கிரீஸ் உள்ளே நுழைந்தது. அக்டோபர் தேர்தலில் எதிர்ப்பாளர் பாபண்ட்ரூ 48 சதவீத வாக்கோடு ஆட்சிக்கு வந்தார்!

அதுதான் உண்மையான பரீட்சை. இடதுசாரிகள் ஜெயித்தால் ராணுவம் வரும் என்பது கிரீஸின் பழைய பயம். இந்த முறை எதுவும் நடக்கவில்லை. ஆட்சி அமைதியாகக் கைமாறியது. பாபண்ட்ரூவும் வெளியேறவில்லை. 1982இல் பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு கோரிக்கை மனு கொடுத்து, சிறப்புச் சலுகை கேட்டார். 1985இல் தென் ஐரோப்பியப் பகுதிகளுக்கான நிதித் திட்டம் கிடைத்தது. அவரை ஆதரித்த விவசாயிகளே அந்த மானியங்களின் பலனைக் கண்டார்கள்.

அப்புறம்?

1985இல் பாபண்ட்ரூ மறுபடி ஆதரவு தராததால் கரமான்லிஸ் பதவி விலகினார். 1990இல் மீண்டும் குடியரசுத் தலைவராகி 1995வரை இருந்தார். அப்போது வயது 88. 1998 ஏப்ரல் 23 அன்று, 91 வயதில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் தம்பி மகன் கோஸ்டாஸ் கரமான்லிஸ் 2004 முதல் 2009வரை பிரதமராக இருந்தார்.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

கிரீஸ் போன வழியில் 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் போயின. 1993இல் ஐரோப்பிய ஒன்றியம் கோபன்ஹேகன் நிபந்தனைகளை வகுத்தது. நிலையான ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம், ஒன்றியத்தின் விதிகளை நிறைவேற்றும் திறன். கரமான்லிஸ் 1976இல் தவிர்த்த தயாரிப்பு, இன்று எல்லாருக்கும் கட்டாயம்.

2009க்குப் பிறகு கிரீஸ் கடன் நெருக்கடியில் சிக்கியபோது பழைய கேள்வி திரும்பி வந்தது. தயாராகாத நாட்டை அவசரமாகச் சேர்த்தது தப்பா? 1981க்கும் 2009க்கும் நடுவில் யூரோ, பல அரசுகளின் கணக்கு வழக்கு, உலக நிதி நெருக்கடி எல்லாம் இருக்கின்றன. ஒற்றைக் காரணத்தைச் சுட்டுவது எளிது, சரியில்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அந்த நெருக்கடியின் மிக மோசமான நாட்களிலும், சம்பளம் வெட்டப்பட்டு தெருவெல்லாம் போராட்டம் வெடித்தபோதும், ஏதென்ஸில் டாங்கி வரவில்லை. அரசுகள் அரசியலமைப்பு வழியில்தான் மாறின.

இப்போது வாசலில் உக்ரைன், மால்டோவா, மேற்கு பால்கன் நாடுகள் நிற்கின்றன. அவற்றில் வடக்கு மாசிடோனியாவும் ஒன்று. 2005இலேயே வேட்பாளர் தகுதி பெற்ற அந்த நாட்டை, பெயர்த் தகராறில் பல ஆண்டு தடுத்து நிறுத்தியது கிரீஸ்தான். கரமான்லிஸ் குடியரசுத் தலைவராக இருந்த தொண்ணூறுகளில் தொடங்கிய தகராறு அது, 2018 ஒப்பந்தத்தில்தான் தீர்ந்தது. ஒரு காலத்தில் காக்க வைக்காதீர்கள் என்று கேட்டு ஜெயித்த நாடு, உள்ளே போனபின் பக்கத்து நாட்டைக் காக்க வைத்தது.

இளம் ஜனநாயகத்துக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டுத் தயார்படுத்துவதா, தயாரான பிறகு இடம் கொடுப்பதா? 1976 பிப்ரவரியில் ஒன்பது அமைச்சர்கள் முன்னால் இருந்த அதே கேள்விதான், இன்று 27 நாடுகளின் முன்னால் இருக்கிறது.